பால் கொடுக்கும் தாய்க்கு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைப்பேறு முடிந்து வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தாய்மாரும், அவர்களுக்குப் பத்தியம் பார்க்கும் அம்மம்மாமாரும் கேட்கிற கேள்விகள் இவை. இங்கே வரும் அளவுகள் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, வேறு பெரிய வருத்தம் இல்லாத தாய்க்கும், நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைக்கும் உரியவை. பிள்ளை குறைமாதம் என்றாலோ, செங்கமாரி இருந்தாலோ, தாய்க்கு ஈரல், சிறுநீரக வருத்தம் இருந்தாலோ எந்த மருந்தையும் வைத்தியரைக் கேட்டே தொடங்குங்கள்.

நான் போடுகிற குளிசை எல்லாம் பாலுக்குள் போகுமோ?

பெரும்பாலும் போகும். போகிற அளவுதான் மிகச் சொற்பம். தாயின் இரத்தத்தில் உள்ள மருந்தில் ஒரு சிறு பங்குதான் பாலுக்குள் கசியும். அதிலும் இன்சுலின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பரின் போன்றவை மூலக்கூறு பெரிது என்பதால் பாலுக்குள் நுழைவதே அரிது. அதே வேலைக்குத் தரும் வார்பரின் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். ஜென்ரமைசின் ஊசி மருந்து கொஞ்சம் பாலுக்கு வந்தாலும் பிள்ளையின் குடல் அதை உறிஞ்சாது, மலத்தோடு போய்விடும்.

வைத்தியர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து எடுக்கிறாள், பிள்ளை பால் வழியே தன் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு பெறுகிறது என்று ஒப்பிடுவார்கள். பிள்ளை பெறுவது தாயினதில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். நோவு மருந்தான ஐபுபுரோபன் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் இந்தக் கணக்கு மட்டும் போதாது. சில மருந்துகள் குறைந்த அளவிலேயே கெடுதல் செய்யும். அவை கீழே வருகின்றன.

பிள்ளையின் வயது இன்னொரு பெரிய விஷயம். முதல் இரண்டு மாதத்தில் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கழிக்கப் பழகியிருக்காது. ஆறு மாதம் தாண்டி, கஞ்சியும் சோறும் சாப்பிடத் தொடங்கிய பிள்ளைக்கு அதே மருந்தால் வரும் ஆபத்து மிகக் குறைவு.

குளிசை போட்டபிறகு வந்த பாலைப் பீச்சி ஊத்திவிட்டால் சரிதானே?

அநேகமான மருந்துகளுக்கு இது வீண் வேலை. மருந்து பாலுக்குள் ஒருவழிப் பாதையில் போய்த் தங்கிவிடுவதில்லை. இரத்தத்தில் அளவு கூடும்போது பாலிலும் கூடும். இரத்தத்தில் குறையும்போது பாலிலிருந்து திரும்பி இரத்தத்துக்கு இறங்கும். நீங்கள் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அது நடக்கும். ஒரு மருந்துக்காகப் பால் கொடுப்பதை நிறுத்தியிருக்கும் நாட்களில் பால் வற்றாமல் இருக்கவும், மார்பு கட்டாமல் இருக்கவும் பீச்சுவது வேறு கதை, அது தேவை.

எந்த நேரத்தில் குளிசை போடுவது நல்லது?

பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிந்தவுடன். அநேகமான குளிசைகள் 1 முதல் 3 மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அடுத்த முறை பிள்ளை குடிக்கும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். ஒருநாளைக்கு ஒருமுறை போடும் மருந்தென்றால், பிள்ளை நீளமாக நித்திரை கொள்ளும் நேரத்துக்கு முன்பு போடுங்கள். பிறந்த குழந்தை ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை குடிக்கும்போது இப்படிக் கணக்குப் பார்ப்பது நடக்காத காரியம். பரசிற்றமோல் (பனடோல்) போன்ற மருந்துக்கு அந்தச் சிரமமும் தேவையில்லை.

காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் பனடோல் போடலாமோ?

போடலாம். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. பிழை வருகிற இடம் வேறு. தடிமனுக்கென்று பாமசியில் வாங்கும் குளிசைகள் பலவற்றில் பரசிற்றமோல் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் போட்டு, தனியாகப் பனடோலும் போட்டால் அளவு கூடிவிடும், பாதிக்கப்படுவது தாயின் ஈரல். உறையின் பின்பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

ஐபுபுரோபன், டைக்ளோபினாக்?

பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டும் நல்ல நோவு மருந்துகள். ஐபுபுரோபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருநாளைக்கு மூன்று முறை. சிசேரியனுக்குப் பிறகு விடுதியில் தரும் டைக்ளோபினாக்கும் பாலுக்குள் மிகக் குறைவாகவே போகும். இரப்பைப் புண், இழுப்பு, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆனால் மாரிகாலத்தில் இந்தப் பதில் மாறும். ஐப்பசி முதல் தை வரை யாழ்ப்பாணத்தில் வருகிற எந்தக் காய்ச்சலையும், அது இல்லையென்று தெரியும்வரை, டெங்கு என்றே நினைக்க வேண்டும். ஐபுபுரோபன், டைக்ளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளைக்குப் பாதுகாப்பான மருந்து தாயின் உயிருக்கு ஆபத்தாகிற இடம் இது. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும். இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் சோதியுங்கள். பாலை நிறுத்த வேண்டாம். டெங்குக் காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கு நீராகாரம்தான் கூடத் தேவை.

அஸ்பிரின் பற்றி ஒரு வரி: இரத்தம் உறையாமலிருக்க வைத்தியர் எழுதும் 75 மில்லிகிராம் பிரச்சினையில்லை. தலையிடிக்கென்று 300 மில்லிகிராம் குளிசைகளாகப் போடுவது கூடாது.

கோடீன் கலந்த நோவுக் குளிசை இருக்கிறது. போடலாமோ?

வேண்டாம். கோடீனை ஈரல் மோர்பினாக மாற்றும். சிலருடைய உடம்பு பிறவியிலேயே அதை மிக வேகமாக மாற்றும். யாருடையது என்று வெளியில் தெரியாது. அப்படிப்பட்ட தாயின் பாலில் மோர்பின் கூடி, பிள்ளை எழும்பாமல் கிடக்கும், மூச்சு மந்தமாகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் கோடீன், ட்ரமடோல் இரண்டையும் பால் கொடுக்கும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்று எச்சரித்தது. நோவுக் குளிசையில் மட்டுமல்ல, சில இருமல் பாணிகளிலும் கோடீன் உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியர் கண்காணிப்பில் ஓரிரு முறை வலுவான நோவு மருந்து தருவது வேறு. வீட்டில் மிச்சமிருந்த உறையை எடுத்துப் போடுவது வேறு.

தடிமனும் இருமலும். என்ன எடுக்கலாம்?

உப்புநீர் மூக்குத் துளிகள், ஆவி பிடித்தல், தேவையானால் பரசிற்றமோல். மூக்கடைப்பு தாங்க முடியாவிட்டால் சைலோமெற்றசோலின் துளிகளை மூன்று முதல் ஐந்து நாள் பாவிக்கலாம். அதற்குமேல் போனால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும்.

தவிர்க்க வேண்டியது, மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎபெட்ரின் உள்ள குளிசை. பிள்ளைக்கு அது நஞ்சில்லை, ஆனால் பால் குறையும். 60 மில்லிகிராம் ஒரே ஒரு முறை எடுத்த தாய்மாரிடம் அன்றைய பால் ஏறத்தாழ கால்வாசி குறைந்ததை ஒரு சிறிய ஆய்வு காட்டியது. "தடிமன் வந்தபிறகு பால் வத்திப்போச்சு" என்று சொல்பவர்கள் எடுத்த குளிசையின் பெயரையும் ஒருக்கால் பார்க்க வேண்டும்.

தும்மலுக்கும் கடிக்கும் செற்றிரிசின் அல்லது லொறற்றடின் நல்லது. நம்மவர் வழமையாக வாங்கும் குளோபெனிரமின் நித்திரை தரும், தாய்க்கும் பிள்ளைக்கும். ஓரிரு முறை எடுத்தால் கேடில்லை. ஆனால் அதை எடுத்த இரவில் பிள்ளையை ஒரே பாயில் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். நித்திரை தரும் எந்த மருந்துக்கும் இது பொருந்தும்.

மெந்தோல், கற்பூரம் உள்ள பாம்களை உங்கள் நெற்றியில் பூசலாம். மார்பில் பூச வேண்டாம். பிள்ளையின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். சிசுவின் மூச்சை அது திடீரென்று தடுக்கலாம்.

அன்ரிபயோற்றிக் எடுக்கும்போது பாலை நிறுத்த வேண்டுமோ?

வழமையாக எழுதப்படும் அமொக்சிசிலின், கோ-அமொக்சிகிளாவ், குளோக்சசிலின், செபலெக்சின், எரித்ரோமைசின் எதற்கும் வேண்டியதில்லை. பிள்ளைக்கு மலம் கொஞ்சம் இளகலாம், வாயில் வெள்ளை படியலாம். அது வெறும் பால் படிவு என்றால் துணியால் துடைத்தால் போகும். போகாமல் ஒட்டிநிற்கும் வெள்ளை பங்கசுத் தொற்று, அதற்கு மருந்து தேவை.

மெற்றோனிடசோல் 400 மில்லிகிராம் மூன்று வேளை என்றால் தொடர்ந்து கொடுக்கலாம். பால் கொஞ்சம் கைக்கும், சில பிள்ளைகள் முகம் சுளிக்கும். 2 கிராம் ஒரேயடியாக எழுதினால் 12 முதல் 24 மணித்தியாலம் பால் கொடுக்காமல் விடச் சொல்வார்கள். முதலே பீச்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு குளிசையைப் போடுங்கள்.

சலக்கடுப்புக்குத் தரும் நைற்ரோபியூரன்ரொயினும், கோ-ட்ரைமொக்சசோலும் ஒரு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை, செங்கமாரியுள்ள பிள்ளை, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும் பிறவிக் குறைபாடு) உள்ள பிள்ளை இருந்தால் கூடாது. டொக்சிசைக்கிளின் மூன்று கிழமைக்கு உட்பட்ட சிகிச்சை என்றால் பிள்ளையின் பல்லைப் பாதிக்காது என்றே கருதப்படுகிறது. 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியது போன்ற நேரத்தில், வெள்ளத்துக்குள்ளும் வயலுக்குள்ளும் இறங்குபவர்களுக்குத் தடுப்பாக டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கிப் போடாமல், பால் கொடுக்கிறேன் என்று சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொல்லுங்கள்.

ஒரு பக்க மார்பு சிவந்து, நோவும் குளிர்காய்ச்சலும். அந்தப் பக்கம் கொடுக்கலாமோ?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. திடீரென்று நிறுத்தினால்தான் சீழ்க்கட்டி வரும். கட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவது நம் வீடுகளில் முதலில் நடக்கும் காரியம். அது உள்ளேயிருக்கும் வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள், பரசிற்றமோல் போடுங்கள், டெங்குச் சந்தேகம் இல்லாவிட்டால் ஐபுபுரோபனும் போடலாம். பிள்ளைக்குத் தேவையான அளவே பால் எடுங்கள்; 'முழுக்க வடித்துவிடுவோம்' என்று பீச்சப் பீச்ச இன்னும் சுரக்கும்.

24 மணித்தியாலத்தில் குறையாவிட்டால் அன்ரிபயோற்றிக் தேவை. அநேகமாகக் குளோக்சசிலின் அல்லது புளூகுளோக்சசிலின் 500 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 10 முதல் 14 நாள் எழுதுவார்கள். வெறும் வயிற்றில், அதாவது சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு போட வேண்டும். மூன்றாம் நாள் சுகமென்று நிறுத்துபவர்களுக்குத்தான் அது திரும்ப வருகிறது.

மாமி முட்டைக்கோப்பிக்குள் பிராந்தி விட்டுத் தாறா. குடிக்கலாமோ?

மருந்தென்று யாரும் எண்ணாத மருந்து இது. 30 மில்லிலீற்றர் பிராந்தியில் சுமார் 9 கிராம் மதுசாரம் இருக்கும். பாலில் உள்ள மதுசார அளவு இரத்தத்தில் உள்ளதை அப்படியே பின்தொடரும். அரை முதல் ஒரு மணித்தியாலத்தில் உச்சம், இரண்டு மணித்தியாலமளவில் பெரும்பாலும் இறங்கிவிடும். கோப்பியின் சூட்டில் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரியல்ல. பிறந்து சில நாளான பிள்ளைக்கு இரண்டு மணித்தியால இடைவெளியே கிடைப்பதில்லை. இன்னொன்று, மதுசாரம் பால் இறங்குவதையும் மந்தமாக்கும். பால் ஊற வேண்டும் என்று தரும் கோப்பை எதிர்வேலை செய்கிறது. முட்டையை நன்றாக அவித்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்; கோப்பி நாளுக்கு இரண்டு கோப்பைக்குள் போதும்.

அரிஷ்டங்களிலும் புளிக்கும்போது உண்டாகும் மதுசாரம் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கலாம். போத்தலில் 'மூலிகை' என்று எழுதியிருப்பதால் அது இல்லாமல் போவதில்லை.

சரக்கு, பத்தியக்கறி?

மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி போட்ட சரக்குக்கறியும், முருங்கையிலையும், பால்சுறாவும் சாப்பாடு. தாராளமாகச் சாப்பிடலாம். கவனம் தேவைப்படுவது கடையில் பொட்டலமாக வரும் பொடிக்கும் செந்தூரத்துக்கும். சில உலோகச் சேர்க்கை மருந்துகளில் ஈயமும் பாதரசமும் உண்டு, இரண்டும் பாலுக்குள் போகும். சித்த மருந்து எடுக்க விரும்பினால் கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில், பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம், பால் கொடுப்பதைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் வயிற்றுக்கென்று வசம்பு உரைத்துக் கொடுப்பதும், ஓமத்தண்ணீர் பருக்குவதும் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம்.

பிரஷர், தைரொயிட், வலிப்பு, மனச்சோர்வு. நெடுகப் போடும் குளிசைகளை விடவோ?

விடாதீர்கள். பிள்ளைக்காக என்று தாய் தானாகக் குளிசையை நிறுத்திவிடுவதே நாங்கள் அறிந்த பெரிய ஆபத்து.

பிரஷருக்கு எனலப்ரில், நிபெடிபின், லபெற்றலோல் எல்லாம் பொருந்தும். அற்றெனலோல் சின்னப் பிள்ளையின் உடம்பில் சேரக்கூடும். மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பத்தில் எடுத்த மெதில்டோபாவைப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மாற்றிவிடுவது நல்லது, அது மனச்சோர்வைக் கூட்டலாம். சலரோகத்துக்கு இன்சுலினும் மெற்போமினும் பிரச்சினையில்லை.

தைரொக்சின் தாராளம். கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகளோடு சேர்த்துப் போட்டால் அது உறிஞ்சப்படாது. நாலு மணித்தியால இடைவெளி விடுங்கள். தைரொயிட் கூடுதலாகச் சுரப்பவர்களுக்குத் தரும் கார்பிமசோலை நாளுக்கு 20 மில்லிகிராம் வரை பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம்.

வலிப்புக்கு கார்பமசெபின், வல்புரோயேற் எடுப்பவர்கள் கொடுக்கலாம். வல்புரோயேற் அடுத்த கர்ப்பத்துக்குத்தான் கேடு; ஆகவே குடும்பக்கட்டுப்பாடு பற்றி இப்போதே பேசுங்கள். பினோபாபிற்றோன் பாலில் கூடுதலாகப் போய்ப் பிள்ளையை மயங்க வைக்கும். அதை எடுக்கும் தாய் பாலைச் சடுதியாக நிறுத்தினாலும் பிள்ளைக்கு நடுக்கம் வரலாம்.

மனச்சோர்வுக்கு செர்ட்ரலின்தான் முதல் தெரிவு, பாலில் மிகக் குறைவு. லிதியம் எடுப்பவர்கள் தாயினதும் பிள்ளையினதும் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க முடியும். அது நிபுணர் முடிவு.

குடும்பக்கட்டுப்பாட்டுக்கு எது?

'மிதுரி' போன்ற கலப்புக் குளிசையில் ஈஸ்ட்ரஜன் இருக்கிறது; பாலைக் குறைக்கும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம். மூன்று மாத ஊசி ஆறாவது கிழமையிலிருந்து போடலாம். லூப்பைப் பிள்ளைப்பேற்று நேரத்திலோ நாலு கிழமைக்குப் பிறகோ வைக்கலாம். அவசரக் குளிசை போட்டால் பாலை நிறுத்தத் தேவையில்லை. மாதவிடாய் வராமல், ஆறு மாதத்துக்குள், இரவும் பகலும் பால் மட்டுமே கொடுத்தால் கர்ப்பம் தரிப்பது அரிது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்புப் போய்விடும்.

பால் ஊறக் குளிசை இருக்குதாமே?

டொம்பெரிடோன். 10 மில்லிகிராம், மூன்று வேளை, வைத்தியர் எழுதினால் மட்டும். இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும். எரித்ரோமைசின், புளூகொனசோல் போன்றவற்றோடு சேர்த்தால் அது இன்னும் கூடும். பிள்ளை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால் எந்தக் குளிசையும் உதவாது. கரிய வட்டத்தில் பெரும்பகுதி வாய்க்குள் போக, நாளுக்கு 8 முதல் 12 முறை குடிக்கிறதா என்று உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் முதலில் காட்டுங்கள்.

எக்ஸ்றே, ஸ்கான், பல் பிடுங்குதல்?

எக்ஸ்றே, சிரி ஸ்கான், எம்ஆர்ஐ, அவற்றில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மாறுநிற மருந்து எதற்கும் பாலை நிறுத்த வேண்டாம். பல்லுக்கு விறைக்கப் போடும் ஊசியும் அப்படித்தான். முழு மயக்கம் என்றால், நன்றாக விழித்துப் பிள்ளையைப் பிடிக்கும் தெம்பு வந்ததும் கொடுக்கலாம். நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. பால் அதற்குத் தடையில்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் பாலை நிறுத்த வேண்டும்?

பட்டியல் சின்னது. புற்றுநோய் மருந்துகள், தைரொயிட்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீன், இதயத் துடிப்புக் கோளாறுக்கான அமியோடரோன், ஒற்றைத் தலையிடிக்கான எர்கொற்றமின், கடும் முகப்பருவுக்கான ஐசோற்றெற்றினோயின். கதிரியக்க அயடீனை மார்புத் திசு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குச் சில கிழமைக்கு முன்பே பாலை நிறுத்தி, அந்தப் பிள்ளைக்குத் திரும்பக் கொடுக்காமலே விட வேண்டும். காபர்கோலின், புரோமோகிறிப்டின் இரண்டும் பாலை வற்றவே வைக்கும்.

பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படித் தெரியும்?

பால் குடிக்க எழுப்பினால் எழும்பாது. எழும்பினாலும் நாலு இழுவையில் தூங்கிவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சலம் போக வேண்டும், அது குறையும். கைகால் துவளும், நெஞ்சுக்குக் கீழேயும் மஞ்சள் இறங்கும். மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ உதடு நீலித்தாலோ 1990க்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். தாய் போட்ட குளிசை உறையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பாமசியில் என்ன சொல்லிக் கேட்பது?

'பால் குடுக்கிறன்' என்று மட்டும் சொன்னால் அநேகமாக 'அப்ப வேண்டாம்' என்ற பதில்தான் வரும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளும் அதையே சொல்லும், ஏனென்றால் உற்பத்தியாளர் பொறுப்பிலிருந்து ஒதுங்க அது சுலபமான வழி. பிள்ளை பிறந்து எத்தனை கிழமை, எத்தனை கிலோ, பால் மட்டுமா, வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று நாலையும் சொல்லுங்கள். 'இதுக்குப் பதிலாப் பால் குடுக்கேக்க போடக்கூடிய வேற மருந்து இருக்கோ?' என்று கேளுங்கள். வைத்தியருக்கே சந்தேகம் என்றால் லாக்ற்மெட் என்ற அமெரிக்க அரசின் இலவசத் தரவுத்தளத்தில் மருந்தின் பெயரைப் போட்டு ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். வணிகப் பெயரைப் போட்டால் அதில் வராமல் போகலாம், ஆகவே உறையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.